அசோக்குமாரின் கடற்கரை வீடு

தம்பி அசோக்குமார் கடற்கரையில் வீடு கட்டியிருக்கிறான் என்று கேள்விப்பட்டபோது செல்வம்மாளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. தென்பெண்ணை ஓரத்தில் பிறந்து வளர்ந்தும் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்காத பயல் அவன். காவேரிப்பட்டினத்தில் அவன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஆற்றில் கிடந்த காலத்தில், கரையில் உட்கார்ந்து அவர்களுடைய சட்டைகளுக்குக் காவல் இருந்தவன். அதற்கும் ஆளுக்கொரு கடலை உருண்டை வாங்கிக்கொள்வான்.

அந்தப் புத்திதான் அவனை மேலே கொண்டுவந்தது என்பது செல்வம்மாளின் கணக்கு. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனிக்குள் ஹெல்ப்பராகப் போனவன், வேலை செய்வதைவிட வேலைக்கு ஆள் அனுப்புவது சுகம் என்று இரண்டே வருஷத்தில் கண்டுபிடித்துவிட்டான். பாகலூர் ரோட்டில் ஒரு பேக்கரி மாடியில் ஆபீஸ் போட்டான். மதுரையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குகிற பையன்களைப் பிடித்து, ஆளுக்கொரு நீலச் சட்டை மாட்டி, கம்பெனி கம்பெனியாக உள்ளே விட்டான். அவர்கள் நட்டு முடுக்கினார்கள். அவன் கார் வாங்கினான்.

வீட்டுக்குப் பால் காய்ச்சியது ஆவணியில். அதற்குக் கம்பெனி ஆட்கள் மூன்று வேன் நிறையப் போய் வந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. கூடப் பிறந்தவளுக்குச் சொல்லவில்லை. கேட்டதற்கு, "சும்மா பால் மட்டும் காய்ச்சினோம்க்கா, யாரையும் கூப்பிடல" என்றான். செல்வம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. பொய் சொல்கிறவனிடம் மறுபடியும் கேட்டால் இன்னொரு பொய்தான் வரும்.

அதனால் 2008 டிசம்பரில் அவனே போன் செய்து கூப்பிட்டபோது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அக்கா, கிறிஸ்துமஸ் லீவு வருது. வியாழன், வெள்ளி, சனி மூணு நாளு. நீ, மாமா, சௌமியா எல்லாரும் வந்து இருங்க. கிருஷ்ணகிரிக்கே கார் அனுப்பறேன். ஒரு வேலையும் கெடையாது உனக்கு. கடலைப் பாத்துக்கினு உக்காந்திரு."

கடைசியில் போனை வைக்கும் நேரத்தில் சொன்னான்: "வர்றப்ப ஒரு பத்துக் கிலோ ராகி மாவும், ஏழெட்டு நாட்டுக்கோழியும் எடுத்தாந்துடு."

ஐந்து பேர் மூன்று நாளில் பத்துக் கிலோ மாவை என்ன செய்வார்கள் என்று செல்வம்மாளுக்கு உறைத்தது. அவள் கணவர் சின்னராஜுக்கு உறைக்கவில்லை. அவருக்கு எதுவுமே உடனே உறைக்காது. மாங்கூழ் கம்பெனிக்காரன் தோப்பு மாங்காயின் எடையில் கை வைப்பதுகூட அடுத்த சீசனில்தான் அவருக்குத் தெரியவரும்.

"பாவம், அங்க ராகி எங்க கெடைக்கும். வெச்சி வெச்சிச் சாப்புடுவாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சௌமியா வேலை விஷயமாவும் பேசலாம் புள்ள. நேர்ல பாத்தா செய்வான்" என்றார்.

மகள் சௌமியா டிப்ளமா முடித்து எட்டு மாதமாகிறது. ஏதாவது ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் சேர்த்துவிடுகிறேன் என்று மாமன் சொல்லி ஆறு மாதமாகிறது. அந்த ஒன்றுக்காகத்தான் செல்வம்மாள் கோழிகளின் காலைக் கட்டினாள்.

கிருஷ்ணகிரியில் டிரைவர் தீர்த்தகிரி காரோடு நின்றிருந்தான். பாலக்கோடு பக்கத்து ஆள், நாற்பது வயது. இவனும் நீலச் சட்டைக்காரனாக இருந்தவன்தான். வேலூர் தாண்டும்போது செல்வம்மாள் பேச்சுக் கொடுத்தாள்.

"கம்பெனியெல்லாம் எப்பிடிங்க போவுது?"

"எங்கம்மா. ஆர்டரே இல்லைங்கறாங்க. தீபாவளி முடிஞ்சி முந்நூறு பேரை நிறுத்திட்டாங்க. சார் எல்லாருக்கும் மெசேஜ் உட்டார், நாளையிலருந்து வர வேணாம்னு. ரூமுக்கு அட்வான்ஸ் குடுத்தவனெல்லாம் ரோட்டுல நிக்கறான்."

"நேர்ல சொல்லலையா?"

"மெசேஜ்தாம்மா" என்றான் தீர்த்தகிரி. அவன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. சம்பளம் வாங்குகிற முகம் அப்படித்தான் இருக்கும்.

மகாபலிபுரம் தாண்டி, பெரிய ரோட்டை விட்டு இறங்கி, மீனவர் குப்பம் ஒன்றை ஒட்டிய மணல் பாதையில் கார் போய் நின்றது. வீடு ரோஜா நிறத்தில் இருந்தது. கேட்டின் இரண்டு பக்கமும் சிமெண்டில் இரண்டு டால்பின்கள் வாலில் நின்றன. வாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதற்காகக் குழாய் வைத்திருந்தார்கள். தண்ணீர் வரவில்லை, காக்கைதான் உட்கார்ந்திருந்தது. கட்டி நாலு மாதமாகவில்லை, உப்புக் காற்றில் கேட்டுக் கம்பிகள் துருவேறிச் சிவந்திருந்தன. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. குடிப்பதற்குக் கேன், குளிப்பதற்கு லாரி. கடலைப் பார்த்தபடி இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிவிட்டு, தண்ணீருக்கு வாசலில் காத்து நிற்கிற ஒரு முட்டாளை அவள் அதுவரை கண்டதில்லை.

சின்னராஜ் டால்பினைத் தடவிப் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்கான்" என்றார்.

வாசலில் நின்றிருந்தாள் அசோக்குமாரின் மனைவி பொற்கொடி. "வாங்க அண்ணி, வாங்கண்ணா. காலை நல்லாத் தட்டிட்டு வாங்க, டைல்ஸ்ல மண்ணு கீறல் உழும்" என்றாள். அந்த மூன்று நாளில் இந்த ஒரு வாக்கியத்தைச் செல்வம்மாள் முப்பது தடவையாவது கேட்டிருப்பாள். கடற்கரையில் வீடு, உள்ளே மணல் வரக்கூடாது. சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் சத்தம் போட்டது. பொற்கொடி உத்தனப்பள்ளியில் தக்காளித் தோட்டத்தில் கூடை தூக்கி வளர்ந்தவள். இப்போது கேழ்வரகைக்கூட 'ஹெல்த்துக்குச் சாப்பிடறோம்' என்றுதான் சொன்னாள்.

மாடியில் நாலு அறைகள் இருந்தன. இவர்களுக்குக் கிடைத்தது சமையலறையை ஒட்டிய சின்ன அறை. மிச்சப்பட்ட டைல்ஸ் பெட்டிகளை ஒரு ஓரமாக அடுக்கி, கீழே பாய் விரித்திருந்தார்கள்.

"மேல ரூமெல்லாம் நாளைக்கு கெஸ்ட் வர்றாங்கண்ணி. அதான்" என்றாள் பொற்கொடி.

"நாங்க யாரு?" என்று செல்வம்மாள் கேட்டாள்.

பொற்கொடி சிரித்தாள்.

அன்று சாயங்காலம் அசோக்குமார் விஷயத்தை எடுத்தான். அக்கா பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். ஏதாவது வேண்டும் என்றால் தரையில் உட்காருவது அவனுடைய பழக்கம்.

"சும்மா ஒரு கெட்டுகெதர்க்கா. பெங்களூர்லருந்து எச்.ஆர். மேனேஜர் வர்றார். அவரு கூட ஒரு பதினஞ்சு பேரு. ஜனவரில காண்ட்ராக்ட் ரினீவல். பாதி காண்ட்ராக்டருங்களைக் கழட்டி உடப் போறாங்களாம். கேட்டரிங்ல சொல்லியிருப்பேன். ஆனா சாருக்கு நாட்டுச் சாப்பாடுதான் புடிக்கும். களி, கோழிக் கொழம்பு, கொள்ளுக் கடைசல். உன் கைப்பக்குவம் எந்தக் கேட்டரிங்க்காரனுக்கு வரும்?"

"ஒரு வேலையும் இல்லைன்னு சொன்னியே."

"இது வேலையாக்கா? உன் தம்பி ஊட்டுல ஒரு வேளைச் சமையல்" என்றான். "அதோட நம்ம சௌமியா பயோடேட்டாவையும் சார் கையில நேராக் குடுத்துடலாம். அதுக்குத்தான் நான் இந்த நாளாப் பாத்து உன்னை வரச் சொன்னதே."

பொற்கொடி ஒரு கவரைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே கட்டம் போட்ட அரக்கு நிறச் சேலை. "நாளைக்கு இதைக் கட்டிக்கங்கண்ணி. நீங்க கட்டியிருக்கற வாயில் சேலை நல்லா இருக்குது, ஆனா பாக்கறவங்களுக்குக் கிராமம்னு தெரியாது. சாரு வொய்ஃப் இதெல்லாம் ரொம்ப ரசிப்பாங்க."

செல்வம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. பிறந்ததிலிருந்து கிராமத்தில்தான் இருக்கிறாள். கிராமத்துக்காரி மாதிரி தெரிவதற்கு வேஷம் போட வேண்டும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கவரை மூடி, டைல்ஸ் பெட்டிமேல் வைத்தாள். சின்னராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்து, மகளைப் பார்த்துவிட்டு, "பெரிய எடம். அனுசரிச்சிப் போலாம்" என்று முடித்தார். அவரையும் அந்தக் கவரோடு சேர்த்து மூடி வைக்கலாம்போல இருந்தது அவளுக்கு.

மறுநாள் வெள்ளிக்கிழமை, இருபத்தாறாம் தேதி. காலை ஒன்பது மணிக்கு கேட்டுக்கு வெளியே ஒரு பெரியவர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வெள்ளைச்சாமி என்று பேர் சொன்னார், குப்பத்துப் பஞ்சாயத்தில் ஒருத்தர். செல்வம்மாள் பக்கத்தில் கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அலை வந்து இன்னைக்கு நாலாவது வருசம்ங்க" என்றார் அசோக்குமாரிடம். "காலையில பால் ஊத்திட்டோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, உங்க ஊட்டுக்குப் பின்னால கரையில வெளக்கு வெச்சி, போனவங்க பேரைப் படிப்போம். பதினேழு பேரு. எட்டு மணிக்கு முடிஞ்சிடும். பந்தல்காரன் பாட்டுப் பொட்டியெல்லாம் எறக்கறதைப் பாத்தேன். அதுவரைக்கும் பாட்டு வேணாம்னு கேட்டுக்கலாம்னு வந்தேன்."

"கண்டிப்பா பெரியவரே. இதை நீங்க சொல்லணுமா? எனக்குத் தெரியாதா?" என்று அசோக்குமார் கையெடுத்துக் கும்பிட்டான்.

பெரியவர் டால்பினைப் பார்த்தார். "இந்தத் தூணு இருக்கற எடத்துலதான் எங்க ஊடு இருந்துச்சு" என்றார், நேற்று பெய்த மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி. இப்போது அவர்களெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், சுனாமிக் குடியிருப்பில் இருக்கிறார்கள். கரையோரத்து மனைகள் கைமாறிக் கைமாறி அசோக்குமார் வரைக்கும் வந்துவிட்டன.

அவர் திரும்பிப் போன பிறகு பந்தல்காரன் கேட்டான், "அப்ப எட்டு மணிக்கு மேலதான் சவுண்டு சர்வீஸா சார்?"

"எட்டு மணிக்கு சார் சாப்பாட்டுக்கு உக்காந்துடுவார்யா. ஆறரைக்கு ஆரம்பிச்சிடு" என்றான் அசோக்குமார். "நாலு வருஷமா இதையே புடிச்சிக்கினு இருக்கறாங்க. கொஞ்சம் கூட்டியே வெய்யி. அழுவற சத்தம் உள்ள வரக்கூடாது."

செல்வம்மாள் கையில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. தம்பியின் முதுகைப் பார்த்தாள். நல்ல சட்டை. அவன் பிறந்தபோது அவளுக்குப் பத்து வயது. இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தவள். இந்த முதுகைத்தான் தட்டித் தூங்கவைத்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு உள்ளங்கை கூசியது.

பகல் முழுக்க வேலை. கோழி அறுத்து, சுட்டு, மஞ்சள் தடவி, துண்டு போட்டு, மசாலா அரைத்து முடிக்கும்போது மணி மூன்று. கேஸ் அடுப்பு உள்ளே இருந்தும், பின்பக்கம் வெட்டவெளியில் விறகடுப்புத்தான் வைக்கச் சொல்லியிருந்தான். வருகிறவர்கள் பார்க்க வேண்டுமாம். ஐந்தரைக்கு மூன்று கார்கள் வந்தன. மேனேஜர் ஐம்பது வயது மனிதர், கண்ணாடி போட்டவர், அமைதியான பேச்சு. அவர் மனைவி அடுப்பையும் செல்வம்மாளையும் சேர்த்து நாலு போட்டோ எடுத்துக்கொண்டாள். செல்வம்மாள் தன் வாயில் சேலையில்தான் நின்றாள். பொற்கொடி அவளை முறைத்துவிட்டு, போட்டோவில் விழாதபடி நகர்ந்துகொண்டாள்.

ஆறு மணிக்குக் கரையில் ஜனங்கள் சேர ஆரம்பித்தார்கள். பின்பக்கச் சுவர் இடுப்பளவுதான். அடுப்படியிலிருந்தே எல்லாம் தெரிந்தது. மணலில் சின்னச் சின்னக் குழி தோண்டி, காற்றுக்கு மறைப்பாகத் தேங்காய்ச் சிரட்டை வைத்து, விளக்கேற்றினார்கள். பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள். ஒரு பெண் நோட்டைப் பிரித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

அந்த நேரத்தில் வீட்டுக்கு முன்பக்கம் பாட்டு வெடித்தது. களிப்பானையில் தண்ணீர் அதிர்ந்தது. கலர் விளக்குகள் சுழன்று சுவரைத் தாண்டி மணல்மேல் விழுந்தன. உட்கார்ந்திருந்த பெண்களின் தலைமேல் சிவப்பும் பச்சையும் மாறி மாறி ஓடின. நோட்டு வைத்திருந்த பெண் நிறுத்தவில்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு கிழவி எழுந்து போய், தன் காதை அந்தப் பெண்ணின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். தன் வீட்டுப் பேர் எப்போது வரும் என்று தெரியவேண்டுமே. அவளைப் பார்த்து இன்னொருத்தி எழுந்தாள். பிறகு மற்றொருத்தி. நாலைந்து பேர் அந்தப் பெண்ணின் முகத்தைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். அவர்களில் ஒருத்தர்கூட இந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

செல்வம்மாள் துடுப்பைப் பானைமேல் குறுக்கே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். மீட்டர் பெட்டி பின்சுவரில், அடுப்பிலிருந்து பத்தடி தூரம். தோப்பில் மோட்டாருக்கு இருபது வருஷமாக பியூஸ் போடுகிறவள் அவள்தான். சின்னராஜுக்குக் கரண்ட் என்றால் பயம். மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். பியூஸ் கேரியர் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். வெள்ளைப் பீங்கான், கையடக்கம். மடியில் போட்டு முந்தானையைச் சுற்றிச் செருகிக்கொண்டு, பழையபடி வந்து மாவைக் கொட்டிக் கிண்ட ஆரம்பித்தாள்.

பாட்டு பாதி வார்த்தையில் அறுந்துபோனது. ஜெனரேட்டர் வாங்க மறந்துபோன வீடு அது. இன்வெர்ட்டரில் மூன்று பல்பு மட்டும் எரிந்தது. கரையிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் இப்போது தெளிவாகக் கேட்டது. ஒரு பேர், ஒரு வயது. கொஞ்சம் இடைவெளி. பிறகு அடுத்த பேர். நாலு வயது, முப்பத்தோரு வயது, எட்டு மாதம்.

தீர்த்தகிரி டார்ச்சோடு ஓடிவந்து பெட்டியைத் திறந்தான். காலியாக இருந்த மூன்று இடத்தையும் பார்த்தான். களி கிண்டிக்கொண்டிருந்தவளின் மடியையும் பார்த்தான். பெட்டியை மெதுவாக மூடினான்.

"லைன்லயே வரல சார்" என்று அங்கிருந்தபடியே குரல் கொடுத்தான்.

ஆனால் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அசோக்குமார் முட்டாள் இல்லை. இரண்டு நிமிஷத்தில் அடுப்படிக்கு வந்துவிட்டான்.

"அக்கா, நீ பண்ணியா?"

"ஆமா. என் மடியில இருக்குது. எட்டு மணிக்குத் தரேன்."

"வெளையாடறியா? யாரு வந்து உக்காந்திருக்காங்க தெரியுமா? குடுத்துடுக்கா."

"எட்டு மணிக்கு. நீ அந்தப் பெரியவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்ன நேரம்தான்."

"உன் பொண்ணு வேலையை நெனைச்சிப் பாரு."

பக்கத்தில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த சௌமியா நிமிர்ந்து பார்த்தாள். செல்வம்மாள் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். "மாவு கட்டி தட்டுது, தள்ளிக்கோ" என்றாள்.

அக்காவின் மடியில் கை போட முடியாது. சத்தம் போட்டால் முன்பக்கம் கேட்கும். அசோக்குமாரின் முகத்தில் கோபம் ஏறுவதை அடுப்பு வெளிச்சத்தில் அவள் பார்த்தாள். பரவாயில்லை, இவனுக்கும் ஏதோ ஒன்று உறைக்கிறது என்றுகூட நினைத்தாள். அதற்குள் அந்தக் கோபம் நின்றது. கண் கொஞ்சம் சுருங்கியது. சட்டைக்குக் காவல் இருக்கும்போது கடலை உருண்டையைக் கணக்குப் போடுகிற அதே கண். பேசாமல் திரும்பி முன்பக்கம் போனான்.

சற்று நேரத்தில் அங்கிருந்து அவன் குரல் கேட்டது. தழுதழுத்த குரல்.

"சார், மேடம், எல்லாரும் மன்னிக்கணும். கரண்ட் போகல. நான்தான் ஆஃப் பண்ணச் சொன்னேன். இன்னைக்கு இந்த ஊரு ஜனங்க சுனாமியில போனவங்களுக்கு வெளக்கேத்தற நாளு. அதோ பேரு படிக்கறாங்க, கேக்குது பாருங்க. அவங்க அழுவறப்ப நாம பாட்டுப் போடறது மனசுக்கு ஒப்பல சார். எட்டு மணி வரைக்கும் இருட்டுல இருக்கலாம். அவங்களுக்கு நாம செய்யற மரியாதை."

முன்பக்கம் நாற்காலிகள் நகரும் சத்தம். எல்லோரும் எழுந்து நின்று மௌனமாக இருந்தார்கள் என்று தீர்த்தகிரி வந்து சொன்னான். சொல்லிவிட்டு அவன் செல்வம்மாளின் முகத்தைப் பார்க்காமல் விறகைத் தள்ளிவிட்டுப் போனான். இதற்குள் மேனேஜர் தானும் போய் ஒரு விளக்கு வைக்க வேண்டும் என்றாராம். பதினைந்து பேரும் சுவர் ஓரமாகக் கரைக்கு இறங்கிப் போனார்கள். அசோக்குமார் வேட்டிக்கு மாறியிருந்தான். எப்போது மாறினான் என்று கடவுளுக்குத்தான் தெரியும். வெள்ளைச்சாமி எழுந்து வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அதைப் பொற்கொடி போட்டோ எடுத்தாள்.

சின்னராஜும் போய் ஒரு விளக்கு வைத்துவிட்டு வந்தார். "தம்பி பெரிய காரியம் பண்ணிட்டான் புள்ள" என்றார். கண்கூடக் கலங்கியிருந்தது. அவள் மடியில் மூன்று பீங்கான் கட்டைகள் இடித்துக்கொண்டிருப்பதை அவர் கவனிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் மேனேஜர் அடுப்படிக்கே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார்: "அம்மா, நிம்ம தம்பி ரொம்ப தொட்ட மனுஷன்." பெரிய மனிதன் என்கிறார். நடிப்பில்லை, அந்த ஆள் உண்மையாகவே உருகிப்போயிருந்தார். அதுதான் தாங்கவில்லை. பொய்யைக் கேட்டு ஒரு நல்ல மனிதர் அழுதுகொண்டு நிற்கிறார், பொய் சொன்னவன் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அக்காவைப் பார்க்கிறான். அவன் கையில் சௌமியாவின் பயோடேட்டா இருந்தது. மடித்த தாளை விரலால் நீவிக்கொண்டிருந்தான்.

மடியை அவிழ்த்துக் காட்டியிருந்தால் போதும். ஒரு வார்த்தைகூடத் தேவையில்லை. செல்வம்மாள் முந்தானை முடிச்சில் கை வைத்தாள். அந்தத் தாளைப் பார்த்தாள். கை அங்கேயே நின்றது.

"ஆமாங்க" என்றாள். "நல்ல பையன்."

அன்று ராத்திரி எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். மேனேஜர் இரண்டாவது முறை களி வாங்கினார். எட்டு மணிக்கு அவள் கேரியர்களைத் திரும்பச் செருகினாள், விளக்கு வந்தது. பாட்டு வேண்டாம் என்று மேனேஜரே சொல்லிவிட்டார்.

காலையில் தம்பி சண்டைக்கு வருவான் என்று அவள் எழும்போதே பதிலெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். அவன் காபியோடு வந்தான். அவளுக்கும் ஒரு டம்ளர்.

"அக்கா, நீ பண்ணது நல்லதாத்தான் போச்சு. சார் போறப்ப என்ன சொன்னார் தெரியுமா? 'இந்த மாதிரி மனசு இருக்கறவன்தான் லேபரை நல்லா வெச்சிப்பான்'னாரு. ரினீவல் முடிஞ்ச மாதிரிதான்." பல் தெரியச் சிரித்தான். "ஒரு வார்த்தை முன்னாலயே சொல்லியிருந்தா நாமளே பிளான் பண்ணியிருக்கலாம்."

திட்டுவான், கதவைக் காட்டுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அப்படிச் செய்திருந்தால் இவனும் ஒரு ஆள் என்று நினைத்தபடி ஊருக்குப் போயிருப்பாள். அவள் காபியை அப்படியே வைத்துவிட்டுப் பையை எடுத்தாள். ஒரு நாள் மிச்சம் இருக்கிறதே என்றார் சின்னராஜ். "நீங்க இருந்து டால்பினைப் பாத்துக்கினு வாங்க" என்றாள். அவர் செருப்பைத் தேடினார். கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்று பேரும் மணலில் நடந்து ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினார்கள்.

காஞ்சிபுரம் தாண்டியதும் சௌமியா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்:

"நேத்து அந்தச் சார்கிட்டச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உன் வேலைக்காகத்தான்டி வாயை மூடிக்கினு இருந்தேன்."

"என் பேரைச் சொல்லாதம்மா. நான் கேக்கலை உன்னை" என்றாள் சௌமியா. "பியூஸைப் புடுங்கறப்பவும் என்னைக் கேக்கலை. வாயை மூடறப்பவும் கேக்கலை."

தம்பியை, தம்பி மனைவியை, புருஷனை என்று இரண்டு நாளாக ஒவ்வொருத்தராக எடைபோட்டு ஒதுக்கித் தள்ளிய செல்வம்மாள், வேலூர் வரைக்கும் தன்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். மற்றவர்களிடம் கண்டதெல்லாம் 'ஆமாங்க' என்ற அந்த ஒரு வார்த்தையிலும் இருந்தது.

ஜனவரியில் அசோக்குமாரின் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டது. மற்ற இரண்டு காண்ட்ராக்டர்களுடையதை நிறுத்தி, அவர்கள் ஆட்களையும் சேர்த்து இவனிடம் கொடுத்தார்கள். சௌமியாவுக்கு வேலை வரவில்லை. மார்க்கெட் டல்லாக இருக்கிறது, மார்ச்சில் பார்க்கலாம் என்றான். மார்ச்சில் ஜூன் என்றான். சௌமியா அவனுக்காகக் காத்திருக்கவில்லை. மாங்காய் சீசன் தொடங்கியதும் கிருஷ்ணகிரியில் ஒரு கூழ் கம்பெனி வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத் தானே உள்ளே போய்க் கேட்டு, லேபில் உதவியாளாகச் சேர்ந்துகொண்டாள். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பர் பிறந்ததும் அசோக்குமார் போன் செய்தான். நடுவில் பல மாதமாகப் பேச்சே இல்லாததுபோலக் காட்டிக்கொள்ளவில்லை.

"அக்கா, இருபத்தாறாந்தேதி சனிக்கிழமை வருது. அஞ்சாவது வருஷம். கம்பெனியிலருந்தே எழுபது பேரு வர்றாங்க. சார் பேப்பர்காரங்களுக்கும் சொல்லியிருக்கார். அந்தப் பெரியவர் வெள்ளைச்சாமியும் ஒத்துக்கிட்டார். கரையில பெரிய பேனரு வெக்கறோம். நீ ரெண்டு நாள் முன்னாலயே வந்துடு. களி நீதான் கிண்டணும்."

"பேனர்ல யாரு பேரு?" என்று செல்வம்மாள் கேட்டாள்.

"மேல கம்பெனி பேரு. கீழ நம்ம பேரு."

"செத்தவங்க பேரு?"

"பதினேழு பேரு இருக்காங்கக்கா. எடம் பத்தாது."

"நான் வரலை அசோக்கு. இனிமே என்னைக் கூப்புடாத" என்றாள்.

"சரிக்கா" என்றான் அவன், துளியும் வருத்தமில்லாமல். "அப்ப கேட்டரிங்க்குச் சொல்லிக்கறேன்."